கியர் விழவில்லை

"கியர் விழமாட்டேங்குது மாப்ளே!"

2023ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒரு நாள் மாலை, விடுமுறைக்கு ஊர் சென்றிருந்த என்னிடம் மாமா சொன்ன சொல் இது. வாசலில் அவருடைய பிக்கப் வண்டி நின்றது. அதன் முதுகில் நாற்பது பெட்டித் தக்காளி. ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய்ச் சேரவேண்டிய சரக்கு. தக்காளிக்குப் பொறுமை கிடையாது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இஞ்சின் ஓடுகிறது. கிளட்சைத் தரையோடு மிதித்தாலும் முதல் கியர் விழவில்லை. ரிவர்சுக்குத் தள்ளினாலோ, 'கறகற'வென்று பல்லை நறநறக்கும் ஓசை. பக்கத்து ஊர்ப் பட்டறைக்காரர் வந்து பார்த்தார். "கியர் பாக்ஸ் போயிருச்சு, எறக்கித்தான் பாக்கணும்" என்று ஒரு தொகையும் சொன்னார். மாமா கட்டும் வண்டித் தவணை இரண்டுக்கு அது சமம். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

இயற்பியல் மாணவனுக்குப் பட்டறையில் என்ன வேலை என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே நமக்கு வேண்டியது ஸ்பானர் அன்று, ஒரு கேள்விதான். இஞ்சினை அணைத்துவிட்டால் கியர் விழுகிறதா?

அணைத்துப் பார்த்தோம். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றியதுபோல ஐந்து கியரும் ரிவர்சும் விழுந்தன. சில சமயம் பல்லுக்கு நேரே பல் நின்று தடுப்பதுண்டு. வண்டியை ஒரு முழம் தள்ளிவிட்டு மறுபடி போட்டால் சரியாகிவிடும். அணைத்த நிலையிலும் எந்தக் கியரும் விழவில்லை என்றால்தான் கியர் லீவரின் அடியில் உள்ள புஷ், கேபிள் இவற்றையும், அவை நன்றாயிருந்தால் கியர் பாக்ஸின் உள்ளேயும் பார்க்க வேண்டும். எங்கள் வண்டியில் கியர் பாக்ஸ் நிரபராதி என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

பின் குற்றவாளி யார்? இஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே கிளட்ச் பிளேட் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கிறது. நாம் மிதிக்கும்போது அந்தப் பிடி தளர்கிறது. கியர் பாக்ஸுக்குள் செல்லும் தண்டு இஞ்சினிடமிருந்து விடுபடுகிறது. விடுபட்ட தண்டின் வேகத்தைப் பற்சக்கரத்தின் வேகத்தோடு உராய்வினால் சமப்படுத்துவது சிங்க்ரோ வளையத்தின் வேலை. 1928இல் காடிலாக் கார்களில் இந்த ஏற்பாடு முதன்முதலாக வந்தது. அது இல்லாத பழைய லாரிகளில் ஓட்டுநர்கள் 'டபுள் கிளட்ச்' மிதித்துத் தம் காலாலேயே அந்த வேலையைச் செய்தார்கள். அது ஒரு தனிக் கலை. கிளட்ச் முழுவதும் விடவில்லை என்றால் இஞ்சின் தண்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும். விரற்கடை அகல வளையம் ஓர் இஞ்சினோடு எப்படி மல்லுக்கு நிற்கும்? ரிவர்சுக்குப் பல வண்டிகளில் அந்த வளையமும் இல்லை. ஆகையால்தான் முதலில் அலறுவது ரிவர்ஸ்.

இன்னொரு சோதனையும் செய்தோம். தக்காளிப் பெட்டிகளை இறக்கி, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எதிரே யாரும் நிற்காதபடி பார்த்துக்கொண்டு, முதல் கியரில் போட்டு, கிளட்சை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட் செய்தார் மாமா. வண்டி ஒரு துள்ளுத் துள்ளியது. கிளட்ச் விடவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஏன் விடவில்லை என்பதற்கு மேல்நிலை வகுப்பில் படித்த பாஸ்கல் விதி துணை வந்தது. நாம் மிதிப்பது மேலேயுள்ள மாஸ்டர் சிலிண்டரை. அதிலிருந்து பிரேக் ஆயில் குழாய் வழியே அழுத்தத்தைக் கொண்டுபோய், கியர் பாக்ஸ் அருகே உள்ள ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளுகிறது. பெடல் ஒரு சாண் தூரம் நகர்ந்தாலும், பிரஷர் பிளேட் விலகுவது ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். குழாய்க்குள் சிறிது காற்றுக் குமிழி புகுந்தால் போதும், அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டரை அதுவே விழுங்கிவிடும்.

பெடலை நாலைந்து முறை விரைந்து மிதிக்கச் சொன்னேன். கியர் விழுந்தது! ஆயில் டப்பாவைத் திறந்தால், அடியில் கொஞ்சம். இந்த ஆயில் எரிந்து தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. பெடலுக்கு மேலே காய்ந்திருந்தது. வண்டிக்கு அடியில் படுத்து ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கியதும் விரல் நனைந்தது. தேய்ந்துபோன ரப்பர் வாஷர், உள்ளங்கையில் வைத்தால் காணாமற்போகும் அளவு.

கிளட்ச் பிளேட் தேய்ந்ததால்தான் கியர் விழவில்லை என்று பலர் சொல்வார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. தேய்ந்த பிளேட் வழுக்கும். இஞ்சின் உறுமும், வண்டி இழுக்காது. நம் நோய் அதற்கு நேர்மாறு. மழையில் மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பிளேட் துருவேறி ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்வது உண்டு. அப்போது பெடல் கனமாகவே இருக்கும், தொளதொளக்காது.

அப்படியே ஆயிலை ஊற்றிக்கொண்டு சந்தைக்கு ஓடலாம் என்றார் மாமா. டப்பாவைப் பார்த்தேன், பிரேக்குக்கும் கிளட்சுக்கும் அது ஒன்றே. ஒழுகும் வண்டியில் பிரேக்கையும் பணயம் வைப்பதா? நான் பிடிவாதமாக மறுத்துவிட்டேன். அத்தை மகன் பழைய வாஷரைக் காகிதத்தில் பொதிந்துகொண்டு பைக்கில் டவுனுக்குப் பறந்தான். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் அன்போடு இஞ்சின் ஆயில் கேனை நீட்டினார். அதை ஊற்றியிருந்தால் உள்ளிருக்கும் ரப்பர் எல்லாம் உப்பிப்போய், பிரேக்கும் சேர்ந்து கெட்டிருக்கும். பிரேக் ஆயில் பெயரில்தான் ஆயில். கனிம எண்ணெய் இனத்தைச் சேர்ந்ததன்று.

புது வாஷர் போட்டு, ஏர் எடுத்தோம். நான் மேலே, மாமா கீழே. "மிதி... பிடிச்சுக்க... விடு." நிப்பிளில் செருகிய குழாயில் குமிழிகள் ஒவ்வொன்றாய் வந்தன. குமிழி நின்றதும் பெடல் கல்லாய் இறுகியது. மொத்தச் செலவு ஒரு பெட்டித் தக்காளியின் விலைக்குள் அடங்கிற்று.

வண்டி சந்தையை அடைந்தபோது இரவு பத்து மணி. நல்ல விலை போயிருந்த நேரம் கடந்துவிட்டது. வந்த விலைக்குத் தள்ளிவிட்டுத் திரும்பினார் மாமா. மீந்த பிரேக் ஆயில், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடாதபடி இறுக மூடப்பட்டு, அவருடைய இருக்கைக்கு அடியில் இருக்கிறது.