தாய் உண்ணும் உப்பும் சேயின் நலமும்

அண்மையில் ஒரு சிற்றூரில் பஞ்சாயத்து அங்கத்தினர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். ஏழு மாதக் கர்ப்பிணியான அவருடைய மருமகளுக்குக் கால் வீங்கியிருந்தது. ஆகவே, சோற்றிலும் குழம்பிலும் உப்பை அடியோடு நிறுத்திவிட்டதாக மாமியார் கூறினார். உப்பில்லாச் சோறு தொண்டையில் இறங்காமையால், அப்பெண் ஊறுகாயையும் கருவாட்டையும் கொண்டு உண்டு வந்தார். அடுப்படியில் நிறுத்திய உப்பு வேறு வழியாக இலைக்கு வந்து சேர்ந்தது! இரத்த அழுத்தமோ இரு மாதங்களாகப் பார்க்கப்படவில்லை. செவிலியர் வந்து பார்த்தபோது அது 140/90-க்கு மேலிருந்தது. அன்றே அவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பப்பட்டார்.

கர்ப்பிணியின் இரத்த அழுத்தம் உயர்ந்தால், நஞ்சுக்கொடி வழியே சிசுவுக்குச் செல்லும் இரத்தம் குறையக்கூடும். குழந்தை எடை குறைந்தோ, மாதம் நிறையுமுன்போ பிறக்கலாம். தாய்க்கு வலிப்பும் வரலாம். ஆனால், இந்நோய்க்கு உப்பு ஒன்றே காரணம் அன்று. உப்பைக் குறைப்பதால் மட்டும் இது வராமல் தடுக்கப்படுவதும் இல்லை. பத்தியம் பரிசோதனைக்கு ஈடாகாது என்பதை நாம் உணர வேண்டும்.

அப்படியாயின் உப்பு எவ்வளவு வேண்டும்? மனிதனின் சிறுநீரகத்திலுள்ள நுண்ணிய வடிகட்டிகள் யாவும் தாய் வயிற்றிலேயே உருவாகின்றன. பிறந்தபின் புதியன தோன்றுவதில்லை. நாற்றங்காலில் நேர்ந்த குறை அறுவடை வரை தொடர்வது போன்றதே இது. கருவுற்ற எலிகளுக்கு மிகுந்த உப்பைக் கொடுத்து ஆராய்ந்தபோது, குட்டிகளின் சிறுநீரக வளர்ச்சி குன்றி, பின்னர் இரத்த அழுத்தம் உயர்ந்தது. மிகக் குறைந்த உப்பும் சிறுநீரக வளர்ச்சியைப் பாதித்தது. எலிக்கு நேர்ந்தது அப்படியே மனிதருக்கும் நேரும் என்று சொல்லிவிட இயலாது. எனினும் அளவே நலம் என்பதற்கு இஃது ஓர் எச்சரிக்கை.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அஃதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், கருவாடு, அப்பளம், வற்றல், கடைப் பலகாரம் ஆகியவற்றில் உள்ள உப்பும் இக்கணக்கில் அடங்கும். அந்த உப்பு அயோடின் கலந்ததாக இருத்தல் அவசியம். அயோடின் குறைந்தால் சிசுவின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். அதனை மூடிய பாத்திரத்தில், அடுப்பின் வெப்பம் படாமல் வைக்க வேண்டும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யக்கூடியவை இரண்டு. ஊர்க் கடைகளில் அயோடின் உப்பு கிடைக்கச் செய்யலாம். கர்ப்பிணிகள் ஒருவர் விடாமல் இரத்த அழுத்தப் பரிசோதனைக்கு வருவதைக் கவனிக்கலாம். கடுந்தலைவலி, பார்வை மங்கல், முகமும் கையும் வீங்குதல், மேல்வயிற்று வலி ஆகியவை கண்டால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். உப்பை அளந்து போடுவது இல்லத்தின் கடமை. பரிசோதனைக்கு வழி செய்வது ஊரின் கடமை.