பிரெட்டுக்குள் மீன் எண்ணெய்... கவுச்சி வாடை எங்கே போகுது?

மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்போம், முகர்ந்தும் பார்ப்போம். கெட்டுப்போனதை மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால், ஆஸ்திரேலியாவில் 2000-களின் தொடக்கத்திலேயே சூரை மீன் எண்ணெய் கலந்த பிரெட் விற்பனைக்கு வந்தது. சாப்பிட்டால் மீன் வாடையே தெரியாது. இன்று குழந்தைகளுக்கான பால் பவுடர் முதல் ஊட்டச்சத்து பானங்கள் வரை ‘ஒமேகா-3’, ‘டிஹெச்ஏ’ என்ற வார்த்தைகளைப் பார்க்கிறோம். பல நேரங்களில் அதன் பின்னால் இருப்பது பவுடராக்கப்பட்ட எண்ணெய்தான். அதை எப்படிச் செய்கிறார்கள்? நாம் எதைக் கவனிக்க வேண்டும்?

மீன் எண்ணெய் ஏன் சீக்கிரம் கெடுகிறது?

மீன் எண்ணெயின் சிறப்பே இபிஏ, டிஹெச்ஏ என்ற இரண்டு கொழுப்பு அமிலங்கள்தான். நம் மூளையிலும் விழித்திரையிலும் டிஹெச்ஏ நிறைய இருக்கிறது. கடலை எண்ணெயில் அதிகம் உள்ள ஒலிக் அமிலத்தில் இரட்டைப் பிணைப்பு ஒன்றுதான். இபிஏ-வில் 5, டிஹெச்ஏ-வில் 6. ஆக்ஸிஜன் தாக்குவதற்கு வசதியான இடங்கள் இந்தப் பிணைப்புகளை ஒட்டித்தான் இருக்கின்றன. ஒரு மூலக்கூறு கெட்டால் அது பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். வெப்பம், வெளிச்சம், இரும்பு, செம்பு எல்லாம் இதை வேகப்படுத்தும்.

பழைய முறுக்கு டப்பாவில் வரும் சிக்கு வாடையும் இதே கதைதான். மீன் எண்ணெயில் அது பல மடங்கு வேகமாக நடக்கும். முதலில் உருவாகும் பெராக்சைடுகளுக்கு வாடை கிடையாது. அவை உடைந்த பிறகுதான் நாற்றம் வரும். அதாவது, மூக்குக்குத் தெரியும் முன்பே எண்ணெய் கெட ஆரம்பித்திருக்கும்.

சரி, எப்படிப் பவுடர் ஆக்குறாங்க?

எண்ணெயை மிக நுண்ணிய துளிகளாக்கி, ஒவ்வொன்றையும் ஓர் உறைக்குள் அடைக்க வேண்டும். இதற்குப் பெயர் மைக்ரோஎன்கேப்சுலேஷன். நுண்ணுறையாக்கம் என்று சொல்லலாம்.

பரவலான வழி, பால் பவுடர் தயாரிக்கும் அதே ஸ்பிரே டிரையர்தான். பால் புரதம், மாவுச்சத்து போன்றவை கரைந்த நீரில் எண்ணெயைச் சேர்த்து, அதிக அழுத்தத்தில் அடித்துக் கலக்குவார்கள். பால் போல வெள்ளையாக வரும் அந்தக் கலவையைச் சூடான காற்றில் பீய்ச்சுவார்கள். உள்ளே வரும் காற்று பெரும்பாலும் 160 டிகிரிக்கு மேல் இருக்கும். ஆனால், நீர் ஆவியாகும்போது துளி குளிர்வதாலும், எல்லாம் சில நொடிகளில் முடிவதாலும் எண்ணெய் அந்த அளவுக்குச் சூடாவதில்லை. கீழே விழுவது பவுடர்.

இன்னொரு வழி பில் புத்தகத்திலிருந்து வந்தது! கார்பன் தாள் வைக்காமலேயே அடித்தாளிலும் எழுத்து விழும் பில்களைப் பார்த்திருப்பீர்கள். 1950-களில் அமெரிக்காவின் என்சிஆர் நிறுவனம், சாயம் கலந்த எண்ணெயை நுண்ணுறைகளில் அடைத்துத் தாளில் பூசியது. பேனா அழுத்தினால் உறை உடையும். ஜெலட்டினுக்கு நேர் மின்னூட்டம், வேல மரப் பிசினுக்கு எதிர் மின்னூட்டம் வரும்படி அமிலத்தன்மையைச் சரிசெய்தால், இரண்டும் சேர்ந்து எண்ணெய்த் துளியைச் சுற்றிப் படியும். அதே உத்தி பிறகு மீன் எண்ணெய்க்கும் பயன்பட்டது.

ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓ இன்னொரு படி போனது. பால் புரதத்தையும் சர்க்கரையையும் சேர்த்துச் சூடாக்கினால் உருவாகும் பொருட்களுக்கு ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் குணம் உண்டு. அதையே உறையாக்கினார்கள். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், மத்தி எண்ணெயை அடைக்க, கைட்டோசனை வைத்து ஆய்வு செய்திருக்கிறது. இறால் ஓட்டிலிருந்து எடுக்கப்படும் பொருள் இது.

உடம்பில் சேருமா?

சேரும். புரத உறையைச் செரிமான நொதிகள் உடைக்கும், எண்ணெய் வெளியே வரும். மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளில், பவுடர் கலந்த உணவு மீன் எண்ணெய் கேப்சூலுக்கு இணையாகவே ஒமேகா-3 தந்தது.

அப்போ சிக்கல் எங்கே?

உறைக்குள் போகாமல் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெய்தான் முதலில் கெடும். ஈரம் பட்டாலும் உறை இளகும், பவுடர் கட்டிக்கொள்ளும், ஆக்ஸிஜன் உள்ளே நுழையும்.

வாடையை அடக்குவதுதான் இந்த நுட்பத்தின் பலம். சங்கடமும் அதுதான். வாசனை சேர்த்த பானத்தில் எண்ணெய் லேசாகக் கெட்டிருந்தால் நம் மூக்கு சொல்லாது. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2017-ல் வகுத்த தரத்தின்படி, பெரும்பாலான மீன் எண்ணெய்களின் பெராக்சைடு மதிப்பு 5-ஐத் தாண்டக் கூடாது. இந்த எண்ணைப் பாக்கெட்டில் பொதுவாக அச்சிடுவதில்லை. ஆகவே, மூக்கு செய்த வேலையைக் கண்தான் செய்யணும்.

பாக்கெட்டில் என்ன பார்க்கணும்?

* எத்தனை மில்லிகிராம்? ‘ஒமேகா-3 உள்ளது’ என்பது போதாது. இபிஏ, டிஹெச்ஏ அளவைத் தேடுங்கள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டும் சேர்த்துக் குறைந்தது 250 மில்லிகிராம் என்பது உலக சுகாதார அமைப்பு, உணவு வேளாண் அமைப்பு ஆகியவற்றின் நிபுணர் குழு சொன்னது. ஒரு கிராம் பவுடரில் பாதிதான் எண்ணெய், அதில் 30% தான் இபிஏ, டிஹெச்ஏ என்றால் கிடைப்பது 150 மில்லிகிராம்தான்.
* எதிலிருந்து? ஆளி விதை ஒமேகா-3 வேறு வகை. உடம்பு அதில் கொஞ்சத்தை மட்டுமே இபிஏ, டிஹெச்ஏ-வாக மாற்றும்.
* சைவமா, அசைவமா? மீன் எண்ணெய், ஜெலட்டின் இருந்தால் பழுப்பு முக்கோணக் குறி இருக்க வேண்டும். பாசியிலிருந்து எடுத்த டிஹெச்ஏ-வும் கிடைக்கிறது.
* அலர்ஜி? மீன் மட்டுமல்ல, உறையில் பால் புரதமும் இருக்கலாம்.
* திறந்த பிறகு? ஈரக் கரண்டி வேண்டாம். இறுக மூடி, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள்.

வாரம் இரண்டு முறை மத்தியோ கானாங்கெளுத்தியோ குழம்பு வைக்கிற வீட்டுக்கு இந்தப் பவுடர் அவசியமில்லை. மீன் பக்கமே போகாதவர்களுக்கு இது உதவலாம். ஆனால், காசு கொடுப்பது விளம்பர வார்த்தைக்கா, மில்லிகிராமுக்கா என்று பார்த்து வாங்குங்கள்.