மாடித் தளம் எப்படி நிற்கிறது?



லயத்து வீட்டில் நம் காலடியில் இருப்பது மண்மேல் போட்ட சிமெண்டுத் தரை. அடுக்குமாடி வீட்டிலோ நாம் நடக்கும் தளமே கீழ்வீட்டாருக்குக் கூரை. அடியில் மண் இல்லாத அந்தத் தளம் எப்படி நிற்கிறது?

கால்வாயின் குறுக்கே கிடக்கும் பலகையில் ஏறி நின்றால் அது நடுவில் தொய்யும். அப்போது மேற்புறம் நெருக்குண்ணும், அடிப்புறம் இழுபடும். கான்கிரீட் நெருக்குதலை நன்றாகத் தாங்கும், இழுத்தால் வெடித்துவிடும். ஆகவே, இழுபடும் பக்கத்தில் இரும்புக் கம்பிகளைப் பதிக்கிறார்கள்.

மாடித் தளம் அமைக்க இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, கட்டடத்திலேயே வார்ப்பது. முட்டுக் கம்பங்களை நிறுத்தி, அவற்றின்மேல் பலகை அடித்து, கம்பி கட்டிக் கலவையைக் கொட்டுவார்கள். மூன்று மீட்டர் நீள அகலமுள்ள ஓர் அறைக்கு, 15 சென்டிமீட்டர் கனமான தளம் மூன்று டன்னுக்கு மேல் எடையிருக்கும். கலவை இறுகும்வரை அந்தப் பாரம் முழுவதையும் முட்டுகளே சுமக்கின்றன. ஒரு வாரமாவது ஈரம் காயாமல் காக்கவேண்டும். அதன் வலிமையை 28ஆம் நாளை வைத்தே கணக்கிடுகிறார்கள். இம்முறையில் காலம் அதிகம் பிடிக்கும். ஆனால் தளமும் உத்திரமும் தூணும் ஒரே உடலாகப் பிணைந்துகொள்ளும்.

மற்றது, தொழிற்சாலையில் வார்த்த பாளங்களைப் பாரந்தூக்கியால் ஏற்றிப் பொருத்துவது. மழையால் தடை குறைவு, வேலையும் விரைவு. கோலாலம்பூரில் 1960களில் பெக்கெலிலிங் 17 மாடி வீடுகள் டென்மார்க் நாட்டு முறையில் இப்படித்தான் எழுந்தன.

இம்முறையில் உயிர்நாடி இணைப்புகளே. அதே டென்மார்க் முறையில் லண்டனில் கட்டிய ரோனன் பாயிண்ட் என்னும் 22 மாடிக் கட்டடத்தில், 1968 மே 16ஆம் நாள், 18ஆம் மாடியில் எரிவாயு வெடித்தது. சுவர்ப் பாளங்கள் வெளியே தள்ளப்பட்டன. அவற்றை நம்பியிருந்த மேல்தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழ, கட்டடத்தின் ஒரு மூலையே சரிந்தது. நால்வர் மாண்டனர். பாளங்களைப் பிணைத்த இணைப்புகளுக்குப் போதிய பலமில்லை. பிரிட்டன் 1970இல் கட்டட விதிகளைத் திருத்தியது.

இரண்டு முறைகளையும் சேர்த்தும் கட்டுகிறார்கள். மெல்லிய பாளங்களை அடுக்கி, அவற்றின்மேல் கம்பி கட்டிக் கலவை வார்த்தால், விரைவும் கிடைக்கும், பிணைப்பும் கிடைக்கும்.

நேயர்களே, கட்டட வேலைக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் இதைச் சொல்லியனுப்புங்கள்: பொறியாளர் சொல்லாமல் முட்டுக் கம்பத்தில் கை வைக்காதே, இணைப்பில் கலவை நிரம்பாத இடத்தைக் கண்டால் மூடி மறைக்காதே. அந்தத் தளத்தின்மேல் ஒரு குடும்பம் படுத்துறங்கப் போகிறது.