நகல் மகிழுந்துகள்

நகல் மகிழுந்து என்பது, ஒரு நிறுவனம் வடிவமைத்த மகிழுந்தின் வெளித்தோற்றத்தை மற்றொரு நிறுவனம் அனுமதியின்றிப் பின்பற்றித் தன் சொந்தப் பெயரில் விற்கும் வாகனத்தைக் குறிக்கும். இது போலி உதிரிபாகம் போன்றதன்று. நகல் மகிழுந்தில் பெரும்பாலும் தயாரிப்பாளரின் உண்மையான பெயரே இருக்கும். வடிவம் மட்டுமே வேறொருவருடையது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் வந்த பதினைந்து ஆண்டுகளில் சீனாவின் சாலைகளிலும் வாகனக் கண்காட்சிகளிலும் இத்தகைய மகிழுந்துகள் அதிகம் காணப்பட்டன. ஒரே தோற்றம் கொண்ட இரு மகிழுந்துகளில் ஒன்று நகல்தானா என்பதைக் கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்ய இயலாது. அதற்கு அவற்றின் பின்னால் உள்ள ஒப்பந்தங்களையும் சட்டத்தையும் அறிய வேண்டும்.

நகல் அல்லாத ஒற்றுமைகள்

வெளிநாடு செல்வோர் காணும் ஒத்த தோற்றமுள்ள மகிழுந்துகளில் பல, முறையான ஒப்பந்தத்தின்படி உருவானவை.

உரிமம் பெற்ற தயாரிப்பு: இந்தியாவின் அம்பாசிடர், பிரித்தானிய மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வடிவத்தை உரிமம் பெற்றுத் தயாரித்ததாகும். மலேசியாவின் முதல் தேசிய மகிழுந்தான புரோட்டான் சாகா (1985), ஜப்பானிய மிட்சுபிசி லான்சரை அடிப்படையாகக் கொண்டது.

முத்திரை மாற்றம்: ஒரே வாகனம் இரு நிறுவனப் பெயர்களில் விற்கப்படுவது. சென்னைக்கு அருகிலுள்ள ஒரகடம் தொழிற்சாலையில் உருவான ரெனோ டஸ்டரும் நிசான் டெரானோவும் இதற்கு எடுத்துக்காட்டு. அதே டஸ்டர் ஐரோப்பாவில் டாசியா என்ற பெயரில் விற்கப்படுகிறது.

பழமையை நினைவூட்டும் வடிவம்: ஜப்பானின் மிட்சுவோக்கா நிறுவனத்தின் வியூட் என்ற சிறிய மகிழுந்து, நிசான் மார்ச் வாகனத்தின் மீது பழைய ஜாகுவாரின் முகத்தைப் பொருத்தியது போல் இருக்கும். உற்பத்தியில் இல்லாத ஒரு மகிழுந்தின் நினைவாக உருவானதால், இதை வாங்குபவர் ஜாகுவார் என்று ஏமாறுவதில்லை.

சீனாவில் நகல் வடிவங்கள்

சீனாவில் மகிழுந்துச் சந்தை வேகமாக வளர்ந்தபோது உள்நாட்டு நிறுவனங்களிடம் வடிவமைப்பு அனுபவம் குறைவாக இருந்தது. புதிய மகிழுந்து ஒன்றை உருவாக்கப் பல ஆண்டு உழைப்பும் பெருந்தொகையும் தேவை. ஏற்கெனவே மக்கள் விரும்பிய வடிவத்தைப் பின்பற்றினால் இவ்விரண்டும் மிச்சமாகும்.

2003இல் வெளிவந்த செரி கியூகியூ, டேவூ மேட்டிஸை ஒத்திருந்தது. மேட்டிஸ் இந்தியச் சாலைகளிலும் ஓடிய மகிழுந்து. அதன் உரிமையாளரான ஜெனரல் மோட்டார்ஸ், ஸ்பார்க் என்ற பெயரில் அதைச் சீனாவில் அறிமுகப்படுத்தும் முன்பே கியூகியூ விற்பனைக்கு வந்துவிட்டது. இரு வாகனங்களின் கதவுகளையும் மாற்றிப் பொருத்தலாம் என்றுகூட அந்நிறுவனம் குற்றம்சாட்டியது. வழக்கு 2005இல் சமரசத்தில் முடிந்தது.

ஒரே வழக்கு, இரு தீர்ப்புகள்

வடிவமைப்பு உரிமை நாட்டுக்கு நாடு தனித்தனியானது. கிரேட் வால் நிறுவனத்தின் பெரி, ஃபியட் பாண்டாவின் நகல் என்று ஃபியட் வழக்குத் தொடுத்தது. 2008இல் இத்தாலியின் டூரின் நீதிமன்றம் பெரியை ஐரோப்பாவில் இறக்குமதி செய்யத் தடை விதித்தது. சீன நீதிமன்றமோ ஃபியட்டின் வழக்கைத் தள்ளுபடி செய்தது.

புகார் கொடுத்தவரே இழப்பீடு தர நேர்ந்ததும் உண்டு. தன் சிஆர்-வி வாகனத்தைச் சுவாங்குவான் நிறுவனம் நகல் எடுத்ததாகக் கூறிய ஹோண்டா, அந்நிறுவனத்தின் விற்பனையாளர்களுக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பியது. பல்லாண்டுகள் நீடித்த வழக்கின் முடிவில், 2015இல் சீன உச்ச நீதிமன்றம் ஹோண்டாவே 1.6 கோடி யுவான் இழப்பீடு தர வேண்டும் என்றது.

லேண்ட்விண்ட் எக்ஸ்7 வழக்கு

டாட்டா மோட்டார்ஸுக்குச் சொந்தமான ஜாகுவார் லேண்ட் ரோவர் நிறுவனம் 2011இல் ரேஞ்ச் ரோவர் இவோக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னோக்கிச் சரியும் கூரையும், பின்புறம் செல்லச் செல்லக் குறுகும் பக்கக் கண்ணாடிகளும் அதன் அடையாளங்கள். 2014ஆம் ஆண்டு குவாங்சோ கண்காட்சியில் ஜியாங்லிங் நிறுவனம் லேண்ட்விண்ட் எக்ஸ்7ஐக் காட்சிக்கு வைத்தது. தோற்றம் ஏறத்தாழ இவோக். விலையோ அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே.

இரு தரப்பும் சீனாவில் வடிவமைப்புக் காப்புரிமை பெற்றிருந்தன. 2016இல் காப்புரிமை அலுவலகம் இரண்டையுமே செல்லாதவை என அறிவித்தது. எக்ஸ்7இன் வடிவம் இவோக்கிலிருந்து போதுமான அளவு வேறுபடவில்லை. இவோக்கின் காப்புரிமை ரத்தானதற்குக் காரணம் வேறு: விண்ணப்பிக்கும் முன்பே அந்த மகிழுந்து பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது. இந்தியாவின் 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டமும், பொதுவாக விண்ணப்பத்துக்கு முன் வெளியான வடிவத்தைப் பதிவு செய்ய அனுமதிப்பதில்லை. தன் படைப்பைத் தானே முந்திக் காட்டினாலும் உரிமையை இழக்க நேரும் என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

காப்புரிமை போனபின், நியாயமற்ற போட்டியைத் தடுக்கும் சட்டத்தின்படி வழக்கு நடந்தது. 2019 மார்ச்சில் பெய்ஜிங் நகரின் சாவ்யாங் மாவட்ட நீதிமன்றம், இவோக்கின் ஐந்து தனித்தன்மைகள் நேரடியாக நகலெடுக்கப்பட்டன என்று கூறி, எக்ஸ்7இன் தயாரிப்பையும் விற்பனையையும் நிறுத்த உத்தரவிட்டது. இழப்பீடும் வழங்கச் சொன்னது. மகிழுந்து வடிவமைப்பு வழக்கில் சீன நீதிமன்றம் வெளிநாட்டு நிறுவனத்துக்குச் சாதகமாக அளித்த அரிய தீர்ப்பு இது. ஆனால் அதற்குள் எக்ஸ்7 மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக விற்பனையில் இருந்துவிட்டது.

தோற்றமும் பாதுகாப்பும்

நகலெடுப்பதில் எளிதானது வெளித்தகடு. மோதலின்போது பயணியைக் காப்பது, கண்ணுக்குத் தெரியாத உடற்கூடு, பற்றவைப்பின் தரம், எஃகின் வலிமை ஆகியவையே. 2005இல் ஜெர்மனியின் ஏடிஏசி வாகன மன்றம், ஓப்பல் ஃபிரன்டேராவை ஒத்த பழைய லேண்ட்விண்ட் வாகனத்தை மோதல் சோதனை செய்தது. ஓட்டுநர் உயிர் பிழைக்க வாய்ப்பில்லை என்ற அளவுக்கு முன்பகுதி நொறுங்கியது. ஆகவே, வடிவம் ஒன்றாக இருப்பதால் பாதுகாப்பும் ஒன்றாக இருக்கும் எனக் கருதுவது ஆபத்தானது.

மற்ற நாடுகள்

இக்குற்றச்சாட்டு சீனாவுக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவின் மகிந்திரா, 1940களின் இறுதியிலிருந்து உரிமத்துடன் ஜீப்புகளைத் தயாரித்து வந்த நிறுவனம். 2018இல் அமெரிக்காவில் அது அறிமுகப்படுத்திய ரோக்சர், ஜீப்பின் தோற்றத்தைப் பின்பற்றியதாகப் புகார் எழுந்தது. 2020இல் அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையம் அப்புகாரை ஏற்றது. முகப்பு மாற்றப்பட்ட புதிய வடிவத்தை மட்டும் அது பின்னர் அனுமதித்தது.

அடையாளம் காணும் வழிகள்

சீனாவில் தயாரான மகிழுந்துகளின் பின்புறத்தில் பெரும்பாலும் தயாரிப்பாளரின் பெயர் சீன எழுத்துகளில் இருக்கும். இறக்குமதி வாகனங்களில் பொதுவாக அது இருப்பதில்லை. முன்முகத்தைவிடப் பக்கவாட்டுத் தோற்றத்தை ஒப்பிடுவது பயன்தரும். நகலெடுப்போர் முகப்பு வலைச்சட்டத்தையும் விளக்குகளையும் மாற்றினாலும், கதவு, சாளரம், கூரை ஆகியவற்றின் கோடுகளை மாற்றுவது அரிது.

இன்றைய நிலை

சீன நிறுவனங்கள் படிப்படியாகத் தமக்கென வடிவமைப்புக் குழுக்களை அமைத்தன. முன்பு ஆடி நிறுவனத்தில் பணியாற்றிய வோல்ஃப்காங் எக்கர் 2016இல் பிஒய்டி நிறுவனத்தில் சேர்ந்தது இம்மாற்றத்தின் ஓர் அடையாளம். வெளிநாட்டுச் சந்தைகளில் விற்க விரும்பும் நிறுவனத்துக்கு நகல் வடிவம் அந்நாடுகளின் நீதிமன்றங்களில் தடையாக வந்து நிற்கும். பிறரைப் பார்த்துச் செய்வதால் மிச்சமாகும் செலவைவிட, மூடப்படும் சந்தையின் இழப்பு பெரிது.