மலையடிவார மனையும் பதினோராவது கட்டமும்

கர்நாடக முதலமைச்சர்கள் பலர் கால் வைக்கத் தயங்கிய ஊர் சாமராஜநகர். அங்கே போய் வந்தால் பதவி பறிபோகும் என்ற நம்பிக்கை பெங்களூர் அரசியல் வட்டாரத்தில் ஆண்டுக்கணக்கில் வேரூன்றிக் கிடந்தது. 2013இல் முதலமைச்சரான சித்தராமையா அதைப் பொருட்படுத்தாமல் அங்கே போனார். ஒருமுறை போனதோடு நிற்கவில்லை. திரும்பத் திரும்பப் போனார். 2018இல் ஐந்து ஆண்டுப் பதவிக்காலத்தை முழுதாக முடித்தார். 2025 ஏப்ரல் 24 அன்று அதே மாவட்டத்தின் மாதேஸ்வரன் மலையில் மாநில அமைச்சரவையே கூடியது.

விசாரிக்காமல் நம்பிய பயம் அப்படிக் கலைந்தது. இப்போது அதே ஊரைச் சுற்றி விசாரிக்காமல் நம்பும் ஆசை ஒன்று பரவிவருகிறது.

பந்திப்பூர், பிலிகிரி ரங்கன் மலை, மாதேஸ்வரன் மலை என மூன்று பக்கமும் காடு சூழ்ந்த மாவட்டம் இது. மலை தெரியும் இடத்தில் கால் ஏக்கர், அரை ஏக்கர் 'பண்ணை மனை' என்று கைபேசிக் காணொளிகள் கூவுகின்றன. அவை விற்பது நிலத்தை மட்டும் அல்ல. மன அழுத்தம் குறையும், அதிகாலையில் எழும் பழக்கம் வரும், பிள்ளைகள் மண்ணில் விளையாடுவார்கள், நீங்கள் புது மனிதராவீர்கள் என்கிறார்கள். சுயமுன்னேற்றமும் மனை விற்பனையும் ஒரே பொட்டலத்தில் வருகின்றன. பொட்டலத்தைப் பிரித்து, இரண்டையும் தனித்தனியே பார்ப்பது வாங்குபவருக்கு நல்லது.

ஏன் இப்போது இந்த வேகம்?

முதல் காரணம் சட்டம். கர்நாடகத்தில் விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்குவதை நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 79ஏ, 79பி பிரிவுகள் நெடுங்காலம் தடுத்துவந்தன. 2020இல் கொண்டுவந்த திருத்தம் அந்தப் பிரிவுகளை நீக்கியது. அலுவலக வேலையில் இருப்பவரும் வயல் வாங்கலாம் என்ற நிலை வந்தது.

இரண்டாவது காரணம் இருப்பிடம். மைசூரிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். சத்தியமங்கலத்திலிருந்து திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, ஆசனூரைத் தாண்டினால் கர்நாடக எல்லை. தமிழர்களுக்கு இது அந்நிய மண்ணும் அல்ல. கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது மைசூர் மாநிலத்துக்குப் போனது. சாமராஜநகர் தனி மாவட்டமானது 1997இல். ஈரோட்டிலும் கோவையிலும் இருப்பவர்களுக்கு உறவும் தொழிலும் அந்தப் பக்கம் உண்டு. அந்தப் பழக்கத்தாலேயே, நம்ம ஊர் மாதிரிதானே என்று முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். சட்டம் நம்ம ஊர் மாதிரி இல்லை.

குண்டா கணக்கு

அங்கே நிலத்தை சென்ட்டில் பேச மாட்டார்கள்; குண்டாவில் பேசுவார்கள். 33 அடிக்கு 33 அடி ஒரு குண்டா, அதாவது 1,089 சதுர அடி. 40 குண்டா சேர்ந்தால் ஓர் ஏக்கர். நம் கணக்கில் ஒரு குண்டா இரண்டரை சென்ட்.

கால் ஏக்கர் வாங்குபவர் கையில் 10 குண்டா வரும். அது விவசாய நிலமாகவே இருக்கும்வரை, கர்நாடக நில வருவாய்ச் சட்டத்தின் 95ஆவது பிரிவுப்படி, பண்ணை வீடும் கொட்டகையும் மொத்த நிலத்தில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அந்த வீடும் சாகுபடியை ஒட்டிய தேவைக்கானது. 10 குண்டாவில் 10 விழுக்காடு ஒரே ஒரு குண்டா. வரைபடத்தில் காட்டும் நீச்சல் குளம், விருந்தினர் அறைகள், வாடகைக்கு விடும் குடில்கள் எல்லாம் இந்தக் கணக்குக்குள் அடங்காது. அவற்றுக்கு மாவட்ட ஆட்சியரின் நிலப் பயன்பாட்டு மாற்ற ஆணை வேண்டும். ஊரார் மொழியில் 'டிசி கன்வர்ஷன்'.

அந்த மாற்றமும் எல்லா இடத்திலும் கிடைக்காது. பந்திப்பூர் புலிகள் காப்பகத்தைச் சுற்றிய பகுதியை மத்திய அரசு 2012 அக்டோபரில் சூழல் உணர்திறன் மண்டலமாக அறிவித்தது. 123 கிராமங்கள் அதில் வருகின்றன. அங்கே விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கடும் கட்டுப்பாடு உண்டு. உள்ளூர் மக்களின் குடியிருப்புத் தேவைக்குத்தான் விலக்கு. வெளியூர்க்காரரின் வார இறுதி விடுதி அந்த விலக்கில் சேராது. காட்டை ஒட்டிய மனை என்று விளம்பரம் பெருமையாகச் சொல்லும் அதே காரணத்தால்தான் அங்கே கட்ட முடியாமல் போகிறது.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். 2016இல் வந்த அந்தச் சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைத் திட்டங்களைப் பதிவு செய்தாக வேண்டும். ஆனால் 'இது விவசாய நிலம், மனை அல்ல' என்று சொல்லித்தான் பண்ணை மனைகளை விற்கிறார்கள். பதிவு எண் இல்லாத திட்டத்தில் தகராறு வந்தால், அந்தச் சட்டப்படி அமைந்த ஆணையத்தின் கதவைத் தட்டுவது கடினம்.

ஒரு தாளை அருகில் வைத்துப் பார்ப்போம்

கர்நாடக நில ஆவணங்களில் முதன்மையானது 'பஹணி'. ஆர்டிசி என்றும் சொல்வார்கள். நம் பட்டா, சிட்டா, அடங்கல் மூன்றும் ஒரே தாளில் சேர்ந்தது போன்றது. கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கும். ஒன்பதாவது கட்டத்தில் உரிமையாளர் பெயர் இருக்கும். பத்தாவது கட்டம் அவருக்கு நிலம் எப்படி வந்தது என்பதைச் சொல்லும். தரகர் பெரும்பாலும் ஒன்பதாவது கட்டத்தில் விரலை வைத்து, 'பெயர் சரியா இருக்கு பாருங்க சார்' என்பார்.

விரலைத் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டியது பதினோராவது கட்டம். அங்கேதான் 'இதர உரிமைகள், கடன்கள்' வரும். கூட்டுறவுச் சங்கக் கடன், வங்கி அடமானம், நீதிமன்றத் தடை போன்றவை அந்தச் சின்ன இடத்தில் கன்னடத்தில் இருக்கும். கன்னடம் வாசிக்கத் தெரியாதவர் உள்ளூர் வழக்கறிஞரை வைத்து அதை வாசிக்கச் சொல்வது அவசியம்.

அடுத்து மூலப் பத்திரம். அதில் 'சாகுவளி சீட்டு' என்ற சொல் வந்தால் அது அரசு ஒப்படை செய்த நிலம். பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ ஒப்படைத்த நிலமாக இருந்தால், 1978இல் வந்த கர்நாடகச் சட்டப்படி அரசின் முன் அனுமதி இல்லாமல் செய்த விற்பனை செல்லாது. தமிழ்நாட்டில் பஞ்சமி நிலச் சிக்கலை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நிலத்தை மீட்கக் கோருவதற்குக் காலவரம்பு இல்லை என்று 2023இல் வந்த திருத்தம் மேலும் உறுதியாக்கியது. இருபது ஆண்டுகளுக்கு முன் கைமாறிய நிலம்தானே என்ற ஆறுதல் இங்கே உதவாது. நியாயமும் ஒப்படை பெற்ற குடும்பத்தின் பக்கமே இருக்கிறது.

ஒரே சர்வே எண்ணைத் துண்டு போட்டு விற்றால் '11இ' நில அளவை வரைபடம் வேண்டும். பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் காட்டி விற்பது உரிமை மாற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. வன உரிமைச் சட்டத்தின் கீழ் கிடைத்த பட்டாவோ வாரிசுக்குப் போகும், விற்க முடியாது.

விற்க முடியாத நிலத்தில் வளர்ந்தவர்கள்

விற்க முடியாத நிலத்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குப் பிலிகிரி ரங்கன் மலையில் பதில் இருக்கிறது. அங்கே வாழ்பவர்கள் சோளகர்கள், கன்னடத்தில் சோலிகர். சத்தியமங்கலம் மலைகளிலும் இதே மக்கள் உண்டு. ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' நாவல் வழியே தமிழ் வாசகர்கள் அவர்களை அறிவார்கள்.

1974இல் அந்த மலை வனவிலங்குச் சரணாலயமானபோது, காட்டுக்குள் இடம் மாறி மாறிப் பயிர் செய்தவர்கள் 'போடு' எனப்படும் குடியிருப்புகளில் ஒதுங்க நேர்ந்தது. 1980 வாக்கில் எச். சுதர்சன் என்ற இளம் மருத்துவர் அங்கே போய்த் தங்கினார். 1981இல் விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரம் தொடங்கியது. மருந்தோடு நிற்காமல் பள்ளி வந்தது, தொழிற்பயிற்சி வந்தது, மக்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்துக்கொண்டார்கள். 1994இல் அந்தப் பணிக்கு மாற்று நோபல் எனப் புகழப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. 2000இல் சுதர்சனுக்குப் பத்மஸ்ரீ.

அடுத்த தலைமுறை இன்னும் ஒரு படி ஏறியது. சோளகரான சி. மாதேகவுடா முனைவர் பட்டம் பெற்று, தன் மக்களின் உரிமைக்காகவே அந்தப் படிப்பைப் பயன்படுத்தினார். சோளகர்கள் ஆய்வாளர்களோடு சேர்ந்து காட்டில் நடந்து, தங்கள் தெய்வம் உறையும் பாறை, மரம், ஓடை என நூற்றுக்கணக்கான இடங்களை வரைபடத்தில் ஏற்றினார்கள். ஒவ்வொரு குலத்துக்கும் இத்தகைய இடங்களைக் கொண்ட எல்லை உண்டு. அதை அவர்கள் 'யெல்லே' என்கிறார்கள். முள்வேலி இல்லாத எல்லை அது.

2011 ஜனவரியில் அந்தக் காடு புலிகள் காப்பகமானது. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. நாட்டில் ஒரு புலிகள் காப்பகத்தின் மையப் பகுதிக்குள் இப்படி உரிமை கிடைத்தது அதுவே முதல்முறை. தேனும் நெல்லியும் பாசியும் சேகரிக்கும் உரிமைக்கு எழுத்து வடிவம் வந்தது. காப்பியும் மிளகும் பயிரிட்டுப் பிழைப்பவர்களும் அங்கே உண்டு.

இதே மாவட்டத்தில் தமிழ் பேசும் சிற்றூரான கோபிநத்தம், வீரப்பன் பிறந்த ஊர் என்றே வெளியுலகுக்குத் தெரியும். வனத்துறை அதிகாரி பி. சீனிவாஸ் அங்கே தங்கி, ஊராருக்கு மருத்துவ வசதியும் வீடுகளும் கிடைக்கப் பாடுபட்டார். 1991 நவம்பர் 10 அன்று வீரப்பனால் கொல்லப்பட்டார். இறந்த பின் கீர்த்தி சக்ரா பெற்ற அவரை அந்த ஊர் மக்கள் இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள்.

மலையில் மனிதர்கள் வளர்ந்த கதை இது. ஒவ்வொன்றுக்கும் பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் பிடித்தன.

பழக்கத்துக்குப் பத்திரம் தேவையா?

விளம்பரம் சொல்லும் அதிகாலைப் பழக்கத்துக்கு வருவோம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு புதிய செயல் தன்னால் நிகழும் பழக்கமாகச் சராசரியாக 66 நாட்கள் ஆனது. சிலருக்கு 18 நாட்கள், சிலருக்கு 254 நாட்கள்வரை கணக்கு நீண்டது. தினமும் ஒரே சூழலில் திரும்பச் செய்வதே அதன் அடிப்படை. மாதத்தில் இரண்டு நாள் போய்வரும் பண்ணை வீட்டில் அந்தத் தொடர்ச்சி கிடைப்பது அரிது.

இயற்கையோடு இருப்பது உடலுக்கும் மனதுக்கும் நல்லது என்பது உண்மைதான். இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் திரட்டிய தரவை வைத்து 2019இல் வெளியான ஆய்வு, வாரத்துக்கு 120 நிமிடம் இயற்கை வெளியில் செலவிடுவோர் கூடுதல் நலத்தோடு இருப்பதாகக் கண்டது. ஒரே மூச்சில் போக வேண்டும் என்றும் இல்லை. நகரத்துப் பூங்காவும் கணக்கில் சேரும். ஈரோட்டில் இருப்பவருக்கு வ.உ.சி. பூங்காவும், மைசூரில் இருப்பவருக்கு குக்கரஹள்ளி ஏரிக்கரையும் போதும். இரண்டுக்கும் பத்திரச் செலவு கிடையாது.

மலையே வேண்டும் என்பவர்களுக்கு

இவ்வளவுக்குப் பிறகும் மலையடிவாரத்தில்தான் வாழ வேண்டும், உழ வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள் உண்டு. அவர்கள் முதலில் வாடகைக்கோ குத்தகைக்கோ ஓராண்டு அங்கே இருந்து பார்க்கட்டும். ஜூலை, ஆகஸ்டில் குண்டுலுப்பேட்டை சாலையோரம் செண்டுமல்லியும் சூரியகாந்தியும் கண்ணைப் பறிக்கும். மார்ச், ஏப்ரலில் அதே நிலம் வறண்டு கிடக்கும். ஆழ்துளைக் கிணற்றில் கோடையில் தண்ணீர் நிற்கிறதா, யானை எந்த வழியாக வந்து எந்தத் தோட்டத்தில் இறங்குகிறது என்பதை அக்கம்பக்கத்து விவசாயியிடம் கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்.

கேட்காமல் கட்டியவர்களின் நிலையைத் தமிழ்நாட்டிலேயே பார்த்தோம். முதுமலைக்கு அருகே சீகூர் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகள் பல 2018இல் உச்ச நீதிமன்ற உத்தரவால் மூடி முத்திரையிடப்பட்டன. 2020 அக்டோபர் 14 அன்று அந்த வழித்தடம் செல்லும் என்று அதே நீதிமன்றம் இறுதியாகத் தீர்ப்பளித்தது. குண்டுலுப்பேட்டையை ஒட்டிய கேரளத்தின் வயநாட்டில் 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை மண் மூடியபோது இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மலைச்சரிவில் ஓடை போகும் பாதை எது என்று பார்த்து இடம் தேர்வது உயிர் தொடர்பான விஷயம்.

கர்நாடக அரசின் 'பூமி' இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் பஹணியை வீட்டிலிருந்தே பார்க்கலாம். வில்லங்க விவரத்துக்குக் 'காவேரி' தளம் இருக்கிறது. சூழல் மண்டலத்தில் எந்தெந்தக் கிராமங்கள் வருகின்றன என்பது அரசிதழ் அறிவிப்பிலேயே பட்டியலாக இருக்கிறது. இவற்றைப் பார்க்க ஒரு வாரம் ஒதுக்குங்கள். மனையைக் காட்ட வருபவரிடம் பஹணியின் நகலைக் கேளுங்கள்; பதினோராவது கட்டத்தை வாசித்து முடிக்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.