மருந்தைத் தொடாமல் வேதியியல்: இலவசமாக ஓர் ஆய்வகம்!

வானவெடியில் சிவப்பு நிறம் எப்படி வருகிறது? ஸ்ட்ரான்ஷியம் உப்பால். மஞ்சளுக்கு சோடியம், நீலத்துக்குத் தாமிரம். சூட்டில் மேலே தாவும் எலெக்ட்ரான்கள், கீழே திரும்பும்போது ஒளியை விடுகின்றன. சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் போன்ற பட்டாசு ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த நிறங்கள் பழக்கமானவை. ஆனால், மருந்தைத் தொட்டுப் படிக்க முடியாது. சிறு உராய்வே உயிரைப் பறிக்கும்.

இங்கே கைகொடுக்கிறது ‘ஃபெட்’ தளம். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-ல் தொடங்கியது. இலவசம்தான்.

திரையில் புரோட்டான், எலெக்ட்ரான்களை இழுத்து வைத்து அணுவை உருவாக்கலாம். ஒரு புரோட்டான் கூடினாலே தனிமம் மாறிவிடும்! வேதிச் சமன்பாடுகளையும் விளையாட்டாகவே சமன் செய்து பழகலாம். பல பகுதிகள் தமிழிலும் உள்ளன. டவுன்லோடு செய்துகொண்டால் இன்டர்நெட் இல்லாமலும் இயங்கும்.

பாடத்தை வீடியோவாகப் பார்க்க வேண்டுமா? தமிழக அரசின் புதிய பாடநூல்களில் 2018 முதல் க்யூ.ஆர். கோடு உண்டு. ‘திக்‌ஷா’ செயலியில் ஸ்கேன் செய்தால் போதும்.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை: “இன்னொரு புரோட்டான் சேர்த்தால் என்ன ஆகும்?” என்று மாணவர்களை முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள். பிறகு திரையைத் தொடட்டும். விடையை அவர்களே கண்டுபிடித்தால் மறக்காது.