உஷார்! சக்கரத்துக்குள் முனகல் கேட்கிறதா?

மழை விட்டு, ரோடு காய்ந்து, எல்லோரும் வெள்ளத்தை மறந்த பிறகுதான் இந்த வியாதி தலைகாட்டும். தேங்கிய தண்ணீரில் வண்டியை இறக்கியவர்கள் இன்ஜின் ஆயிலை மாற்றுவார்கள், ஏர் ஃபில்டரை உதறுவார்கள், பிளக்கைக் கழற்றித் துடைப்பார்கள். சக்கரத்தின் நடுவில் இருக்கும் பேரிங் யார் நினைவுக்கும் வராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் எத்தனை பைக்குகள் சீட் வரை முழுகிக் கிடந்தன! பேரிங்குக்கு வெளியே இருக்கும் ஆயில் சீல் தூசியையும் தெறிக்கும் தண்ணீரையும் தடுக்கும். ஊறப்போட்டால் தாங்காது. உள்ளே புகுந்த தண்ணீர் கிரீஸைக் கெடுத்து, குண்டுகள் ஓடும் பாதையில் துருப்புள்ளி வைக்கும். அதன்மேல் குண்டு ஓட ஓடப் புள்ளி குழியாகும்.

வெள்ளமே வேண்டாம், வாரா வாரம் வாட்டர் சர்வீஸ் போதும். பிரஷர் பம்பை நேராக அச்சின் மேல் பிடித்து அழுக்கு போக அடிப்பதைப் பார்த்தால் வண்டிக்காரருக்குச் சந்தோஷமாக இருக்கும். சீலின் உதட்டைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போவது அவருக்குத் தெரியாது. செயினை விறைப்பாக இழுத்துக் கட்டும் பழக்கமும் பின்சக்கர பேரிங்கைச் சாப்பிடும்.

ஒரு பேரிங் போனால் என்ன பெரிய ஆபத்து என்று கேட்பவர்கள் உண்டு. “சவுண்டுதானே சார், இன்னும் ஆறு மாசம் ஓடும்” என்று ஆறுதல் சொல்லும் கடைகளும் உண்டு. நம்பாதீர்கள். முன்சக்கரத்தில் ஆட்டம் வந்தால் பிரேக் டிஸ்க்கும் சேர்ந்து ஆடும். ஆடும் டிஸ்க் பிரேக் பேடுகளை உள்ளே தள்ளிவிடும். நாய் குறுக்கே ஓடிய நேரத்தில் நீங்கள் லீவரைப் பிடித்தால் முதல் பிடி காலியாகப் போகும், இரண்டாவது பிடியில்தான் பிரேக் விழும். அந்த ஒரு நொடிக்குள் வண்டி எங்கே போய் நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பேரிங் முழுக்க இறுகிப்போனாலும் தொல்லைதான். வெளிவளையம் ஹப்புக்குள்ளேயே சுழன்று துளையைத் தேய்த்துவிடும். பிறகு புது பேரிங் போட்டாலும் உட்காராது. லேத்துக்குப் போய் புஷ் போடுவது, இல்லாவிட்டால் ஹப்பையே மாற்றுவது என்று சில நூறு ரூபாய் வேலை பல ஆயிரத்துக்குப் போகும்.

சோதனைக்குக் காசு வேண்டாம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரம் தரையைத் தொடாமல் இருக்கும்படி ஒருவரைப் பின்னால் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். டயரின் இரு ஓரங்களையும் பிடித்து ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் தள்ளுங்கள். டொக் டொக் என்று ஆட்டம் தெரிந்தால் சந்தேகம் உறுதி. ஆனால் ஃபோர்க்கும் சேர்ந்து ஆடினால் குற்றவாளி ஹேண்டிலுக்குக் கீழே இருக்கும் கோன் செட்டாக இருக்கலாம். பின்சக்கரத்தில் ஸ்விங் ஆர்மை ஒரு கையாலும் டயரை இன்னொரு கையாலும் பிடித்து ஆட்டுங்கள். ஆர்மும் சேர்ந்து ஆடினால் அதன் புஷ் தேய்ந்திருக்கிறது. டயர் மட்டும் ஆடினால் பேரிங். அடுத்து சக்கரத்தைச் சுழலவிட்டு, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை அச்சுக்குப் பக்கத்தில் அசையாத இடத்தில் வைத்து, கைப்பிடியில் காதை வையுங்கள். ஸ்போக்குக்குள் போகாமல் பார்த்து. நல்ல பேரிங் சத்தம் காட்டாது. கெட்டது மணல் அரைக்கும்.

சக்கரத்தைக் கழற்றிவிட்டால் விரலே போதும். உள்வளையத்துக்குள் விரலை விட்டு மெதுவாகத் திருப்புங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எங்காவது நெருடினாலோ தட்டினாலோ பேச்சே இல்லை, தூக்கிப் போடுங்கள். மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் அப்பித் திரும்பப் போடுவது பழைய பழக்கம். குழி விழுந்த பாதையைக் கிரீஸ் நிரப்பாது. கழுவிய பேரிங்கில் கம்ப்ரசர் காற்றை அடித்து விர்ரென்று சுழலவிட்டு வேடிக்கை பார்க்கவே கூடாது. வேகத்தில் சிதறினால் குண்டு எந்தப் பக்கம் பாயும் என்று யாருக்கும் தெரியாது.

புதிது வாங்கும்போது பழையதன் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். 6301 என்றால் உள்துளை 12 மி.மீ., வெளிவிட்டம் 37, கனம் 12. 6201க்கும் அதே 12 மி.மீ. துளைதான், அச்சு அழகாக நுழையும். ஆனால் வெளிவிட்டம் 32தான், ஹப்பில் தொளதொளக்கும். எண்ணுக்குப் பின்னால் வரும் 2ஆர்எஸ் இருபக்கமும் ரப்பர் மூடி என்பதைக் காட்டும். இசட்இசட் என்றால் தகரத் தடுப்பு. நம் ஊர் மழைக்கு ரப்பர் மூடிதான் நல்லது. போலிச் சரக்கு தாராளமாகப் புழங்குகிறது. அசலா போலியா என்று சரிபார்க்க எஸ்கேஎஃப் நிறுவனம் ஒரு செயலியே வைத்திருக்கிறது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அட்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள். விலை பாதிக்குப் பாதி குறைந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

இனி வருவதுதான் உண்மையான ஆபத்து. யூடியூபில் பத்து நிமிஷத்தில் முடிகிற வேலையாகத் தெரிவதால் சுத்தியலோடு இறங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள்.

பழையதைத் தட்டி எடுக்கும்போது கண்ணாடி போடாமல் உட்காராதீர்கள். பேரிங் எஃகு மிகக் கடினமானது. சுத்தியல் நேராகப் பட்டால் சில்லு தெறிக்கும். ஓரத்தில் சர்க்ளிப் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதைக் கழற்றாமல் அடித்து ஹப்பையே உடைத்தவர்கள் இருக்கிறார்கள். மறுபக்கத்திலிருந்து நீளமான பஞ்சை விட்டு, நடுவில் இருக்கும் ஸ்பேசர் குழாயைக் கொஞ்சம் ஒதுக்கி, உள்வளையத்தின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டினால் வெளியே வந்துவிடும். இப்படி எடுத்ததைத் திரும்பப் போடவே கூடாது. உள்வளையத்தில் விழுந்த அடி அத்தனையும் குண்டுகள் வழியாகப் போய்ப் பாதையில் பள்ளம் பதித்திருக்கும்.

அதே காரணத்தால்தான் புதியதை ஏற்றும்போது உள்வளையத்தில் ஒரு தட்டு கூட விழக்கூடாது. பேரிங் ஹப்பில் இறுகுவது வெளிவளையத்தால். அடியும் வெளிவளையத்தில் மட்டும்தான் படவேண்டும். வெளிவளையத்தின் அளவுக்குச் சரியான சாக்கெட்டையோ பழைய பேரிங்கையோ மேலே வைத்து நேராகத் தட்டுங்கள். உட்கார்ந்துவிட்டால் சுத்தியலின் சத்தமே மாறும். தொப் தொப்பென்று கேட்டது கணீரென்று ஆகிவிடும். அடிப்பதைக் குறைக்க வழியும் இருக்கிறது. பேரிங்கை பாலிதீனில் சுற்றி இரவு முழுக்க ஃப்ரீசரில் வையுங்கள் (வீட்டில் திட்டு விழும், விழட்டும்). அலுமினிய ஹப்பை ஹாட் ஏர் கன்னால் சூடாக்குங்கள். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். 37 மி.மீ. துளை 60 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 0.05 மி.மீ. அகலும். இந்த வேலைக்கு அதுவே தாராளம். கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டாதீர்கள்; டியூப் உருகும், ஹப்பும் பலமிழக்கும்.

ஸ்பேசரைப் பற்றி மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மறக்கப்படுவது அதுதான். இரண்டு பேரிங்குக்கும் நடுவே நிற்கும் அந்தச் சாதாரணக் குழாய்தான், அச்சு நட்டை இறுக்கும்போது வருகிற மொத்த அழுத்தத்தையும் ஏந்துகிறது. அதைப் போடாமல் பூட்டினால் இரு உள்வளையங்களும் ஒன்றை நோக்கி ஒன்று நெரிபடும். சக்கரம் இறுக்கமாகச் சுற்றும், பேரிங் சுடும், புதிதாகப் போட்டது கொஞ்ச தூரத்திலேயே போய்விடும். பழி கடைக்காரர்மேல் விழும். ஒரு பக்கத்து பேரிங்கை முழுக்க உட்காரவைத்து, ஸ்பேசரைப் போட்டு, மறுபக்கத்து பேரிங்கை ஸ்பேசரைத் தொடும்வரை மட்டும் ஏற்ற வேண்டும். எந்தப் பக்கம் முதலில் என்பது வண்டிக்கு வண்டி மாறும். சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். பல வண்டிகளில் பின்சக்கரத்து ஸ்ப்ராக்கெட் தாங்கிக்குள் மூன்றாவதாக ஒரு பேரிங் தனியாக உண்டு. இரண்டை மாற்றிவிட்டு “இன்னும் சத்தம் போகலையே” என்பவர்கள் அங்கே பார்க்கவும்.

பூட்டும்போது இன்னொரு கண்டம். டிரம் பிரேக் வண்டியானால் முன்பக்க பிரேக் பிளேட்டில் இருக்கும் காடி ஃபோர்க்கில் இருக்கும் முட்டில் சரியாகப் பொருந்தியிருக்க வேண்டும். பின்பக்கத்தில் பிரேக் பிளேட்டைப் பிடித்திருக்கும் கம்பியின் போல்ட்டும் ஸ்ப்ளிட் பின்னும் போட்டாயிற்றா என்று கையால் தொட்டுப் பாருங்கள். அது இல்லாமல் பிரேக்கை மிதித்தால் பிளேட்டும் சேர்ந்து சுழன்று சக்கரம் ஒரேயடியாகப் பூட்டிக்கொள்ளும். பேரிங்கால் விழாதவர் இதனால் விழுவார். டிஸ்க் வண்டியில் சக்கரம் வெளியே இருக்கும்போது குழந்தைகளை லீவரைத் தொட விடாதீர்கள். பிஸ்டன் வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும். பூட்டிய பிறகு லீவர் விறைப்பாகும்வரை பலமுறை அமுக்கிவிட்டுத்தான் வண்டியை நகர்த்த வேண்டும். முதல் ஓட்டம் தெருக்கோடி வரைக்கும் போதும். நிறுத்திவிட்டு ஹப்பைத் தொட்டுப் பாருங்கள், நட்டையும் ஒருமுறை பாருங்கள்.

ஆட்டிப் பார்ப்பதும் காது வைத்துக் கேட்பதும் எல்லோரும் செய்யலாம். மழைக்காலம் முடிந்ததும் கட்டாயம் செய்யுங்கள். மாற்றுவதற்கு டார்க் ரெஞ்சும், சரியான சாக்கெட்டும், அந்த வண்டியின் மேனுவலும் கையில் இல்லையென்றால் சக்கரத்தை மெக்கானிக்கிடமே கொடுங்கள். கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். பக்கத்தில் நின்று, “தம்பி, ஸ்பேசர் எங்கே?” என்று கேளுங்கள். புது பேரிங்கின் உள்வளையத்தில் சுத்தியல் விழுந்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். இன்னொரு பேரிங்குக்கு நீங்களே காசு கொடுத்தாலும் பரவாயில்லை, அடிபட்டதை மட்டும் போட விடாதீர்கள்.